மூக்கை நட்டுக் கும்பிட்ட மீன்!

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலை ஏலத்துக்குப் போய்ப் பழகியவர்களுக்கு மீன் பெயர்கள் தலைகீழ்ப் பாடம். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, கொடுவா, காரப்பொடி என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பிள்ளை பெற்ற வீடு என்றால் பால் சுறா வாங்கிப் புட்டு செய்வார்கள். திருக்கைக்கென்றே தனி ரசிகர் கூட்டம் இருக்கிறது. ஆனால் 'வேளா' என்று ஒரு பெயரைச் சொன்னால், ராயபுரத்திலேயேகூட இருபது வயசுப் பிள்ளைகள் பெரும்பாலும் விழிப்பார்கள். விலை கேட்பதற்குக்கூட அந்த மீன் இப்போது கரைக்கு வருவதில்லை.

இத்தனைக்கும் தமிழில் ஒரு மீனைச் சாமியாக வைத்துப் பாடிய மிகப் பழைய பாட்டு இந்த மீனைப் பற்றியதுதான்.

வேளாவைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். உடம்பு சுறா மாதிரி இருக்கும். முகத்துக்கு முன்னால் ஒரு பெரிய ரம்பம் நீட்டிக்கொண்டிருக்கும். ரம்பத்தின் இரண்டு பக்கமும் வரிசையாகப் பற்கள். மரப்பட்டறையிலிருந்து யாரோ கழற்றிவந்து மாட்டிவிட்ட மாதிரி ஒரு தோற்றம். ஆங்கிலத்திலும் 'ரம்ப மீன்' என்றுதான் பெயர். பெரியவை 20 அடியைத் தாண்டி வளரும். பார்க்கச் சுறாவாகத் தெரிந்தாலும் உண்மையில் இது திருக்கைக்குத்தான் சொந்தக்காரன். சுறாவுக்குச் செவுள் பக்கவாட்டில் இருக்கும். வேளாவுக்கோ திருக்கை போல வயிற்றுப்பக்கம். இந்தக் குடும்பத்து மீன்களின் மிச்சங்கள் சுமார் 5 கோடி ஆண்டு பழைய பாறைகளில் கிடைக்கின்றன. மனிதன் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

அந்த ரம்பம் வெறும் ஆயுதமும் இல்லை. மற்ற மீன்களின் உடம்பிலிருந்து கசியும் மெல்லிய மின்சாரத்தை உணரும் நுண்ணிய துளைகள் அதில் நிறைந்திருக்கின்றன. கலங்கல் தண்ணீரில் கண்ணே தெரியாத இடத்திலும் இரை எங்கே என்று ரம்பமே சொல்லிவிடும். அப்புறம் பக்கவாட்டில் ஒரே வீச்சு. மீன் மயங்கி விழும். ஆண்டெனாவும் அரிவாளும் ஒரே கருவியில் என்று வைத்துக்கொள்ளலாம்.

வினோதமான ஆதிகால மீன்களைப் பார்த்தால் மனிதனுக்குப் பாட்டு வருவது உலகம் முழுக்க நடக்கிற விஷயம். அதில் இப்போதைய சூப்பர் ஸ்டார் சீலகாந்த். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்களோடு சேர்ந்து அழிந்துவிட்டது என்று அறிவியல் உலகம் கணக்கை முடித்துவைத்திருந்த மீன் அது. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்துக்கு வந்த ஒரு இழுவைப் படகின் குவியலில், கை கால் போன்ற துடுப்புகளோடு அது கிடந்தது. கண்டெடுத்தவர் உள்ளூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற இளம்பெண். நாறும் மீனை டாக்ஸியில் ஏற்ற மாட்டேன் என்று டிரைவர் மல்லுக்கு நின்றதையும் மீறி அவர் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதனால்தான் அந்த மீனின் அறிவியல் பெயரில் இன்றைக்கும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் சும்மா இருப்பார்களா இசைக்காரர்கள்? இங்கிலாந்தின் ஷ்ரீக்பேக் குழு 1985-ல் வெளியிட்ட ஆல்பத்தில் சீலகாந்த் பெயரிலேயே ஒரு பாட்டு வைத்தது. அடுத்த ஆண்டு 'மேன்ஹன்டர்' என்ற ஹாலிவுட் படத்திலும் அது இடம்பிடித்தது. ஜப்பானில் கொடிகட்டிப் பறந்த மிஸ்டர் சில்ட்ரன் குழு, 1996-ல் 'ஆழ்கடல்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு ஆல்பம் போட்டது. அதிலும் ஒரு பாட்டின் பெயர் சீலகாந்த். கொமோரோஸ் தீவு நாட்டின் கால்பந்து அணிக்கே அந்த மீனின் பெயர்தான் செல்லப்பெயர். ஒரு மீனுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்!

நம்ம ஊர் மரியாதை இதற்கெல்லாம் ரொம்ப முந்தியது.

பத்துப்பாட்டில் ஒன்று பட்டினப்பாலை. எழுதியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். 301 அடிகள். 'காவிரிப்பூம்பட்டினத்தையே எனக்குக் கொடுத்தாலும் இவளை விட்டுப் பிரிந்து வரமாட்டேன்' என்று ஒரு கணவன் தன் நெஞ்சிடம் சொல்கிறான், அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த 'பட்டினம்' எப்படிப்பட்டது என்று சொல்லப்போய், கவிஞர் துறைமுகத்தையும் குப்பத்தையும் தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டிவிடுகிறார். இந்த ஒரு பாட்டுக்காகக் கரிகால் சோழன் 16 லட்சம் பொன் கொடுத்தான் என்று கலிங்கத்துப்பரணி சொல்கிறது. 1889-ல் உ.வே.சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையோடு பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த பிறகுதான் இது பரவலாக எல்லார் கைக்கும் கிடைத்தது.

அதில் மீனவர் குடியிருப்பு வரும் இடம் அப்படியே இன்றைய திருவொற்றியூர்க் குப்பம் ஒன்றைப் பார்த்து எழுதியது போலிருக்கிறது. தாழ்ந்த கூரைகளின் மேல் நீளமான தூண்டில் கழிகள் சார்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன. வேலும் கேடயமும் சுற்றி நிற்கும் நடுகல்லைப் போல அது தெரிகிறது கவிஞருக்கு. வாசல் மணலில் வலை காய்கிறது. வெள்ளை மணலில் கறுத்த வலை கிடப்பது, நிலா வெளிச்சத்துக்கு நடுவில் கொஞ்சம் இருட்டு புகுந்து படுத்திருப்பது மாதிரி இருக்கிறதாம். இன்ஸ்டாவில் கடற்கரைப் படம் போடுகிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

அன்றைக்குப் பௌர்ணமி. யாரும் கடலுக்குப் போகவில்லை. சினையாக இருந்த ஒரு சுறவின் கொம்பை வீட்டில் நட்டு, அதில் தெய்வத்தை இறக்கி வைத்திருக்கிறார்கள். தாழம்பூ சூடுகிறார்கள், பனங்கள் குடிக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விருந்து. அப்புறம் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்கு ஊரே கிளம்புகிறது. கெட்டது விலகக் கடலில் குளியல், உடம்பில் ஒட்டிய உப்புப் போக ஆற்றில் இன்னொரு குளியல். நண்டைத் துரத்தி விளையாடுகிறார்கள். மணலில் பொம்மை செய்கிறார்கள். பொழுது போனதே தெரியவில்லை.

எந்தச் சுறாவுக்குக் கொம்பு இருக்கிறது? பால் சுறாவுக்கு இல்லை, கொம்பன் சுறா என்று கூப்பிடப்படும் சுத்தியல் தலைக்காரனுக்கும் நட்டு வைக்கும்படி ஒன்றும் இல்லை. தரையில் ஊன்றி நிறுத்தும் அளவுக்கு நீண்ட கொம்பு உள்ள 'சுறவு' என்றால் அது வேளாதான். கவிஞர் பெயர் சொல்லாவிட்டாலும் அடையாளம் பொருந்துகிறது. சங்கப் பாட்டுகளில் வேறு சில இடங்களிலும் வாள் போன்ற வாயுள்ள சுறவு வருகிறது. மன்மதனின் கொடியில் பறப்பதும் சுறவு என்றே தேவாரம் பாடுகிறது.

சரி, ஏன் சினைச் சுறவு? கொம்புதான் வேண்டும் என்றால் ஆண் மீனிடமும் அது உண்டே!

இங்கேதான் பழைய பாட்டும் உயிரியலும் கைகோக்கின்றன. வேளா முட்டை போடுவதில்லை, குட்டி போடும். குட்டியின் ரம்பம் தாயின் வயிற்றைக் கிழித்துவிடாமல் இருக்கப் பிறக்கும்போது அதன் மேல் மெத்தென்ற உறை மூடியிருக்கும். வெளியே வந்த பிறகு உதிர்ந்துவிடும். தாய் மீன்கள் குட்டி போடத் தேடி வருவது ஆழ்கடலை இல்லை. முகத்துவாரம், கழி, உப்பும் நல்ல தண்ணீரும் கலக்கும் ஆழம் குறைந்த இடங்கள்தான் குட்டிகளுக்குத் தொட்டில். பெரும்பல் வேளாவின் குட்டிகள் முதல் சில ஆண்டுகளை ஆற்றுக்குள்ளேயே கழிக்கும். பெரிய மீன்கள் துரத்தி வர முடியாத இடம் பார்த்து வளர்க்கிற ஏற்பாடு. பட்டினப்பாலையின் குப்பமும் காவிரியின் முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. அங்கே வலையில் விழுந்த வேளா, குட்டி போட வந்த தாயாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வயிற்றை அறுத்தபோது உள்ளே உறை மாட்டிய ரம்பங்களோடு குட்டிகளைப் பார்த்தவர்கள், அந்தத் தாயின் கொம்பைச் சும்மா தூக்கிப் போட மனம் வராமல் நட்டு வைத்துக் கும்பிட்டார்களோ என்னவோ! இது ஊகம்தான். ஆனால் கவிஞர் 'சினை' என்ற சொல்லை அளவுக்காகச் சேர்த்திருக்க மாட்டார்.

தமிழ்ப் பரதவர் மட்டும் இல்லை, இந்த ரம்பத்தின் முன்னால் கைகட்டி நின்றவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் கினி பிசாவ் நாட்டின் பிஜாகோஸ் தீவுகளில் இளைஞர்கள் வேளா முகமூடி மாட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். தைவானில் சாமியாடிகள் கையில் எடுக்கும் ஆயுதங்களில் ஒன்று இந்த ரம்பம். நம்மூரில் அரிவாள் மேல் ஏறி நிற்கும் சாமியாடிக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியாவின் குரூட் ஐலாண்ட் பழங்குடிகள் சொல்லும் கதையில், ஆதிகால வேளா ஒன்று தன் ரம்பத்தால் நிலத்தை அறுத்துக்கொண்டே போனதில்தான் அவர்களுடைய ஆறு உண்டானது.

காவிரிப்பூம்பட்டினத்துக்கும் வடசென்னைக்கும் வழி ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் கப்பல் வணிகராக இருந்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் துறவியாகக் கிளம்பிய பட்டினத்தார் கடைசியில் வந்து அடங்கிய இடம் திருவொற்றியூர்க் கடற்கரை என்பது மரபு. அவர் சமாதி இன்றைக்கும் அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் போனால், கன்டெய்னர் லாரிகளின் வரிசையைத் தாண்டி வருவது கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம். பாட்டில் வருவது போலவே ஆறு, கடல், மணல், நண்டு, குப்பம்.

மீதியெல்லாம் வேறு. ஆற்றின் ஒரு பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல். துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் கழியை நாலாபக்கமும் நெருக்கிவிட்டன. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதியதில் கொட்டிய எண்ணெயை ஆட்கள் வாளி வாளியாக அள்ளியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய், காட்டுக்குப்பத்திலும் நெட்டுக்குப்பத்திலும் தாழங்குப்பத்திலும் வீட்டுச் சுவர் வரை கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. படகும் வலையும் தாரில் முக்கியெடுத்தது போல ஆயின. ஆற்றில் குளித்து உடம்பு உப்பைப் போக்கிக்கொள்கிற காட்சியை இந்த இடத்தில் கற்பனை செய்யவே முடியாது.

இந்த முகத்துவாரத்துக்கும் ஒரு பாட்டு உண்டு என்பதுதான் கொஞ்சம் ஆறுதல். 2017 ஜனவரியில் வந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்'. வரிகள் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம்.கிருஷ்ணா, வீடியோவை இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். சபா மேடையின் ஏசி குளிரில் கேட்டுப் பழகிய கர்னாடக ராகங்களை, முகத்தில் மாஸ்க்கோடு சாம்பல் மேட்டின் பக்கத்தில் நின்று, சென்னைப் பேச்சுத் தமிழில் பாடினார் கிருஷ்ணா. திட்டுகிற சொல்லாகிவிட்ட பொறம்போக்குக்கு, 'எல்லாருக்கும் பொதுவான இடம்' என்ற பழைய பொருளைத் திருப்பிக் கொடுத்தது அந்தப் பாட்டு. எண்ணூர் எங்கே இருக்கிறது என்று கூகுள் மேப்பில் தேடிப் பார்க்கத் தென்சென்னைக்காரர்களை வைத்ததே பெரிய சாதனை.

அதற்கு முன் இந்தக் கரையில் கேட்ட பாட்டு அம்பா. கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் 'ஐலசா' போட்டு இழுப்பார்கள். இருபது முப்பது பேர் ஒரே மூச்சில் இழுக்க வேண்டிய வேலைக்குத் தாளம் அது. எஞ்சின் வந்தது, வின்ச் வந்தது. இழுக்கிற இயந்திரத்துக்குப் பாட்டு தேவைப்படவில்லை. கானாவில் மீன்கள் இன்னும் துள்ளிக்கொண்டுதான் இருக்கின்றன. 2006-ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய வாளமீன் கல்யாணப் பாட்டுக்கு ஆடாத கால் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அந்த வாளை வேறு, வேளா வேறு. எழுத்து மாறியதில் ஒரு மீன் ஹிட் ஆகிவிட்டது, இன்னொன்று பெயரே இல்லாமல் போய்விட்டது.

பெயர் மட்டுமா போனது? வேளாவின் பெருமையே அதற்கு எமன். எந்த வலையாக இருந்தாலும் ரம்பம் முதலில் சிக்கிக்கொள்ளும். திமிறத் திமிற இன்னும் சுற்றிக்கொள்ளும். மெதுவாக வளர்ந்து, பல ஆண்டு கழித்துக் குட்டி போடுகிற மீன், இழுவை வலைகளின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. துடுப்புக்கு வெளிநாட்டில் விலை, ரம்பத்துக்கு அலங்காரப் பொருள் சந்தையில் விலை. உலகில் மொத்தம் 5 வகை வேளா. ஐந்தும் அழிவின் விளிம்பில்.

இந்தியாவில் 2001-லேயே வேளா வகைகள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்கு வந்துவிட்டன. அதாவது புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே இதற்கும். 2007 முதல் உலக வர்த்தகத்துக்கும் தடை வரத் தொடங்கி, 2013-ல் எல்லா வகைக்கும் முழுத் தடை ஆனது. இன்றைக்கு யாராவது பட்டினப்பாலை முறைப்படி புதிதாக ஒரு சுறவுக் கொம்பை வாங்கிவந்து வாசலில் நட்டால், சாமி வருவதற்கு முன் வனத்துறை வந்துவிடும்.

2022 மார்ச்சில் கர்நாடகாவின் மால்பே துறைமுகத்தில் தவறுதலாக வலையில் விழுந்த பெரிய வேளா ஒன்றைக் கிரேனில் தொங்கவிட்டுத் தூக்கிப் போகும் வீடியோ வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றியது. பலர் அதைக் கிராபிக்ஸ் என்று நினைத்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சட்டம் படித்துவிட்டு யாரும் வலை வீசுவதில்லை. வலையில் எது விழும் என்று வீசுகிறவருக்குத் தெரியாது. உயிரோடு ஒரு வேளா சிக்கினால் அதை விடுவிக்க ஒரே வழி, வலையை அறுப்பது. ரம்பத்தை வெட்டிவிட்டு மீனை விட்டால் அது மறுபடி முளைக்காது. ரம்பம் போன வேளாவுக்கு வேட்டையும் இல்லை, வாழ்வும் இல்லை. வலையோ ஒரு குடும்பத்தின் கடன். அறுக்கச் சொல்வது கரையில் இருப்பவர்களுக்கு எளிது.

குஜராத்தில் இந்தச் சிக்கலை அவிழ்த்த விதம் கவனிக்க வேண்டியது. சௌராஷ்டிரா கரையில் ஒரு காலத்தில் திமிங்கலச் சுறாவை ஈட்டி எறிந்து கொன்று குவித்தார்கள். 2004-ல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளை தொடங்கிய பிரசாரத்துக்கு ராமகதை சொல்லும் மொராரி பாபு குரல் கொடுத்தார். அவர் சட்டப் பிரிவு எதையும் சொல்லவில்லை. 'தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு தேடி வருகிற மகள் இவள், வந்த மகளைக் கொல்வீர்களா?' என்ற பொருளில் பேசினார். 'வஹாலி', அதாவது செல்லம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். குப்பம் குப்பமாக நாடகம் போட்டார்கள். கூடவே, அறுத்த வலைக்கு அரசு நஷ்டஈடும் கொடுத்தது. மகள் கதை பாதி வேலை செய்தது என்றால் மீதியைச் செய்தது அந்தப் பணம். பிறகு நூற்றுக்கணக்கான திமிங்கலச் சுறாக்களை மீனவர்களே தங்கள் வலையை அறுத்து விட்டிருக்கிறார்கள். 2018 முதல் மகாராஷ்டிராவிலும், பாதுகாக்கப்பட்ட கடல் உயிர்களை வலை அறுத்து விடுவிக்கும் மீனவர்களுக்கு 25,000 ரூபாய் வரை தரும் திட்டம் இருக்கிறது. ஆதாரம் கேட்டால் செல்போனில் எடுத்த போட்டோ போதும்.

கர்ப்பமாகக் கரைக்கு வந்த மீனைப் பற்றிய கதையை அங்கே புதிதாக உண்டாக்க வேண்டியிருந்தது. இங்கே அது பட்டினப்பாலையில் ஏற்கெனவே இருக்கிறது, பௌர்ணமியோடும் தாழம்பூவோடும். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்க, வலைகள் மணலில் கிடக்கின்றன. கிழிந்த கண்ணிகளை உட்கார்ந்து கோத்துக்கொண்டிருப்பவர்களிடம் கேட்டால், ஒரு வலைக்கு இன்றைக்கு என்ன செலவாகும் என்று பைசா சுத்தமாகச் சொல்வார்கள்.